சுண்ணாம்புப் பாறைமேல் ஒரு வீடு

உபதேசியார் வீட்டுச் சுவரில் ஏழு விரிசல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் காலண்டர் தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டியிருந்தார். தாள் கிழிந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். நான் போன அன்று ஐந்து கிழிந்திருந்தன. எதையும் எண்ணாமல் உட்கார எனக்கு வராது. எண்ணிய பிறகு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் வாசலை நோக்கித் திரும்பிக்கொண்டேன்.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறு வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டிருந்த காலம் அது. நான் பெரம்பலூரில் பூகோள ஆசிரியர். அவர் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சிறு தேவாலயத்தில் உபதேசியார். போதகர் மாதம் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் இவருடையது. ஏசு வாழ்ந்த நாட்டு மண்ணும் மழையும் தெரியாமல் பைபிளைப் படித்தால் பாதிதான் விளங்கும் என்பது அவர் கட்சி. அதற்காகவே பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். பாலஸ்தீனத்தில் மழை எந்த மாதம், ஆறு எப்போது வற்றும் என்று துளைத்தெடுப்பார். எனக்குப் பக்தி அதிகம் கிடையாது. ஆனாலும் அவர் வரும் நாளில் வரைபடப் புத்தகத்தை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பேன்.

மணலில் கட்டிய வீடு வெள்ளத்தில் விழ, பாறையில் கட்டிய வீடு நின்றது என்று ஏசு சொன்ன கதையை அவர் பிரசங்கித்த அன்று நானும் பின்வரிசையில் இருந்தேன். "மணல்ல கட்டுனவன் மடையன் இல்லீங்க," என்று தொடங்கினார். "அந்த நாட்டுல மழை கொஞ்ச மாசந்தான். மத்த நாள்ல ஆறு காஞ்சு, நம்ம மருதையாறு மாதிரி கெடக்கும். தோண்டுறதும் லேசு. நீங்களும் நானும் அங்கதான் கட்டுவோம். வெள்ளம் வர்ற அன்னைக்குத்தான் தெரியும்." ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்டு மலைகளும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்தான் என்று நான் சொல்லியிருந்தேன். அதையும் சேர்த்துக்கொண்டார். "ஏசப்பா சொன்ன கல்லும் நம்ம கல்லும் ஒரே கல்லு!"

சொன்னபடி வாழ்ந்தவர் அவர். ஊருக்கு மேற்கே, கடப்பாரை இறங்காத பாறைமேட்டில், மூன்று கோடைகள் பாடுபட்டு அஸ்திவாரம் எடுத்துக் கட்டிய வீடு அது.

அந்தக் கல்லைத்தான் சிமெண்டு ஆலையும் தேடியது. தொலைவில் இருந்த சுரங்கம் வருடத்துக்கு வருடம் நெருங்கியது. மதியந்தோறும் வெடி வைக்கும்போது அடுக்களைப் பாத்திரங்கள் ஆடின. சுற்றியிருந்த நிலங்கள் எல்லாம் போய், மேட்டில் இந்த ஒரு வீடு மிஞ்சியது. அளக்க வந்தவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்: "நல்ல கல்லே உங்க வூட்டுக்கு அடியிலதாங்க இருக்கு."

நான் விரிசல்களை எண்ணிய அன்று, அவர் மனைவி காப்பியை வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "மணல்ல கட்டியிருந்தா தண்ணி வருஷத்துல ரெண்டு நாள் நிக்கும், போயிடும். ஆலைக்காரங்க வந்தா போவாங்களா சார்?"

"பாருங்க சார், எனக்கே பிரசங்கம் பண்றா," என்று உபதேசியார் சிரிக்க முயன்றார்.

அந்த வீட்டிலேயே கண்மூட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. மனுவோடு நான்கு அலுவலகங்களுக்கு நானும் உடன் போனேன். எங்கும் உட்காரச் சொன்னார்கள், ஒருவரும் கடிந்து பேசவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் உபதேசியார் வீட்டை ஆலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிறகு அரியலூர் டவுனில், ஒரு வாடகை வீட்டில் அவரைப் பார்த்தேன். பிரசங்கத்தை விட்டிருந்தார். பாறையில் கட்டியவன் கதையை இனி எப்படிப் படிப்பது என்று கேட்டேன். "இடத்தையும் காலத்தையும் பாத்துத்தான சார் படிக்கணும்," என்றார். "ஏசப்பா காலத்துல சிமெண்டு கெடையாதுங்களே."

அந்த வாடகை வீட்டில்தான் அவர் இறந்தார். இப்போதும் அவர் கிராமத்து வழியே பஸ்ஸில் போகிறேன். மேடு இல்லை, அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பெரும் பள்ளம். அவர் வீடு எங்கே இருந்தது என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் அளக்கிறேன். தரையில் அதற்கு இடமில்லை. பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றில் இருக்கிறது அந்த இடம்.