ஓர் அங்குலம் கேட்ட எஸ்தோனியன்

யானுஸ் மூன்றாவது தடவையும் விழுந்தபோது நான் பெஞ்சுக்குப் பின்னால் நின்று தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். முதல் தடவை விழுந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஐஸ் ஹொக்கியில் விழாதவன் என்றால் அவன் பார்வையாளர் கலரியில் கோப்பியோடு உட்கார்ந்திருப்பவன்தான். இரண்டாவது தடவை விழுந்தபோது அவனிடமிருந்த பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, தட்டிக்கொண்டுபோய்க் கோல் அடித்தார்கள். மூன்றாவது தடவை அவனை ஒருவரும் தொடவேயில்லை. பக்கவாட்டில் திரும்ப முயன்றான், கால் ஐஸில் குத்தி நின்றுவிட்டது, மிச்ச ஆள் பறந்தான். கோச் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினார்.

அவன் எழும்பி வந்து, கையுறையைக் கழற்றி, ஸ்கேற் சப்பாத்தின் அடியிலிருந்த அலகில் பெருவிரலை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து அடுத்த போத்தலை நிரப்பினேன்.

1. அலகும் நானும்

ரொறன்ரோவில் இருபத்தாறு வருடம் ஹொக்கி அணிகளுக்கு எக்யுப்மென்ற் மனேஜராக வேலை பார்த்தேன். பெயர்தான் பெரிசு. ஸ்கேற் தீட்டுவது, நாறும் ஜேர்சிகளைத் தோய்ப்பது, ஹெல்மெற்றுக்குத் திருகாணி முடுக்குவது, இவ்வளவுதான் வேலை. நான் ஸ்கேற் போட்டு ஐஸில் நின்றது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. நின்றது என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேற்றின் அலகு கத்திபோலக் கூராக இருப்பதில்லை. அடிப்பக்கத்தில் நீளத்துக்கு ஒரு குழிவு ஓடும். அதன் இரண்டு கரையும்தான் ஐஸைப் பிடிக்கும். அந்தக் குழிவுக்கு ஹொலோ என்று பெயர். குழிவு எந்த வட்டத்தின் துண்டோ அதன் ஆரம்தான் அளவு, வட்டம் சிறிதானால் குழிவு ஆழம். அரை அங்குல ஹொலோ என்றால் ஆழமான குழிவு, நன்றாகக் கடிக்கும். ஓர் அங்குலம் என்றால் கிட்டத்தட்டத் தட்டை. வழுக்கிக்கொண்டு போகும், கடிக்காது. எங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேர் அரை அங்குலம். யார் யாருக்கு என்ன அளவு என்று என் மேசைக்கு மேலே ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது.

2. பதினொரு நாட்டுக்காரன்

யானுஸ் எஸ்தோனியாக்காரன். முப்பத்துநான்கு வயது, டிபென்ஸ் ஆட்டக்காரன், கதவளவு தோள். அணிக்கு ஆள் தெரிவு செய்யும் மூன்று நாள் ட்ரைஅவுட்டுக்கு வந்திருந்தான். ஐந்து பேர் வந்திருந்தார்கள், இருந்ததோ ஓர் இடம்.

முதல் நாள் என் அறையில் வந்து உட்கார்ந்து கதைத்தான். பின்லாந்தில் தொடங்கி, சுவீடன், பிரான்ஸ், கசகஸ்தான் என்று பதினொரு நாடுகளில் விளையாடியிருக்கிறான். இத்தாலியில் ஒரு மலை ஊரில் இவன் அணியின் கோல் காப்பவன்தான் ஊர் பேக்கரிக்காரனாம். காலைப் பயிற்சிக்கு மாவோடு வருவானாம். வேல்ஸில் ஐஸிலிருந்து புகைபோலப் பனி எழும்பி, கண் தெரியாமல் தன் அணிக்காரனையே இடித்து விழுத்தினானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான், நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடித்துப்போனது. பிரச்சினையே அங்கேதான் தொடங்கியது.

அவனும் கோச்சும் பேசியது ஆங்கிலம். எங்கள் பேச்சில் எழுதினால்தான் அவர்கள் குரல் எனக்குக் கேட்கும்.

“தயா, இதுதான் கடைசி. இஞ்ச எடுக்காட்டி வீட்டை போறன். மனுசியிட்டயும் மகளிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். இவ்வளவு இடத்தில விளையாடிப்போட்டு, ஹொக்கி பிறந்த நாட்டில ஒருக்காலும் விளையாடேல்லை எண்டு இருக்கக்கூடாது.”

முதல் நாள் ஊரிலிருந்து தீட்டிக்கொண்டு வந்த அலகோடேயே நன்றாக விளையாடினான். இரண்டாம் நாள் காலை ஸ்கேற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

“ஒரு இஞ்ச், தயா.”

3. நான் செய்த உதவி

ஓர் அங்குலம் கேட்ட ஆட்டக்காரனை நான் அதற்கு முன் கண்டதில்லை. பாவம், பழைய காலத்துப் பழக்கம் என்று நினைத்தேன். இங்கே இளம் பையன்கள் சுழன்று சுழன்று திரும்புகிறார்கள். இவன் தட்டை அலகோடு போனால் அவர்களுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போவான், கோச் பார்த்துவிட்டுப் பெயரை வெட்டிவிடுவார். கொஞ்சம் கடித்தால் நல்லது. இவனுக்கு என்னாலான உதவி.

சொன்னால் வேண்டாம் என்பான் என்று தெரியும். ஆகவே சொல்லவில்லை. அரை அங்குலத்துக்குத் தீட்டி, துணியால் துடைத்து, ஐஸில் இறங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கையில் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டு போனான். இருபது வருடத்துக்கு மேலாகத் தட்டையில் ஓடிய காலுக்கு அரை அங்குலம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கலரியில் இருந்த எல்லோருக்கும் காட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறை வாசலில் கோச் அவனை நிறுத்தினார். “என்ன, ஸ்கேற்றில ஏதும் பிழையோ?”

நான் நாலடி தள்ளித் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

“இல்லை. கால் இண்டைக்குச் சரியில்லை” என்றான் யானுஸ்.

அவர் போனபிறகு நான் கிட்டப் போனேன். “ஏன் சொல்லேல்லை?”

“வந்து இரண்டு நாளில ஸ்கேற் தீட்டிறவனில பழி போட்டவனை எந்த அணியும் வைச்சிருக்காது. பதினொரு நாட்டிலயும் உதுதான் சட்டம்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னான்.

4. சிவமண்ணை சொன்னது

ஐஸைச் சமப்படுத்தும் மெசின் ஓட்டுபவர் சிவமண்ணை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயில் பூட்டில்லாதவர். மெசினை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்.

“என்ன தயா, உந்த நெடுவல் நேற்று நல்லா ஓடினான். இண்டைக்கு ஏன் உப்பிடி உருளுறான்?”

நடந்ததைச் சொன்னேன்.

“கேட்டதைக் குடுக்காமல் உன்னை ஆர் உபகாரம் செய்யச் சொன்னது? போய்க் கோச்சிட்டச் சொல்லு.”

“வேலை போயிடும் அண்ணை.”

“போனால் வேறை வேலை தேடலாம். நாளைக்குக் காலமை ஐஸில இறங்க முந்தியே பேர் வெட்டப்போறாங்கள். அவனுக்கு வேறை நாள் எங்க இருக்கு?”

பயமாக இருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் அந்த வருடம்தான் வீடு வாங்கியிருந்தோம். கோச்சின் கதவுக்கு முன்னால் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை அவரே கதவைத் திறந்துவிட்டார், வேறு வழியில்லை.

முழுவதும் கேட்டார். முகம் சிவந்தது. “உன்ர வேலை தீட்டிறது. ஆளைத் தெரிவு செய்யிறது என்ர வேலை. விளங்குதோ?”

“ஓம்.”

“ஒரு இஞ்சுக்குத் தீட்டு. நாளைக்கும் இறங்கட்டும். உன்ர விசயத்தை நான் பிறகு பாக்கிறன்.”

கல்லை ஓர் அங்குலத்துக்கு மாற்றி, மிக மெதுவாகத் தீட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை, கலியாணம் உட்பட.

5. மூன்றாம் நாள்

யானுஸ் விழவில்லை. அவன் ஓட்டத்தில் ஓர் அழகு இருந்தது. அவசரமே இல்லாமல் பக் வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றான். ஒரு தடவை இரண்டு பேரை ஒரே தோளால் மறித்து, பக்கை நடுவே நீளமாகத் தள்ளி, கோலுக்கு வழி செய்து கொடுத்தான். சிவமண்ணை கலரியில் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். இனி எடுக்காமல் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

எடுக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்தார்கள்.

கோச்சின் அறையிலிருந்து யானுஸ் வெளியே வந்ததும் எதிரே போனேன். “என்னாலதான்” என்றேன்.

“இல்லை தயா. கோச் சொன்னார், இண்டைக்குப் பாத்ததைத்தான் கணக்கில எடுத்தவராம். நல்லா விளையாடினனாம். ஆனா அந்தப் பொடியன் என்னைவிட வேகம்.” பையைத் தோளில் போட்டான். “அது உண்மைதான். நானும் பாத்தனான்.”

பிறகு சிரித்தான். “நேற்றோட அனுப்பியிருந்தால், ஊரில இருந்து சாகுமட்டும் உன்னைத் திட்டியிருப்பன்.”

அன்று மாலை அவன் விமானம் ஏறினான். அதற்குப் பிறகு விளையாடவில்லை.

கோச் எனக்கு இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை, வேலை தப்பியது. அதன் பின் யார் என்ன அளவு கேட்டாலும் அதையே தீட்டினேன். பிழையென்று பட்டால் வாயைத் திறந்து சொன்னேன், கையால் மாற்றவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

ஒரு விளையாட்டுக்காரனுக்குக் கடைசி ஆட்டம் என்று ஒன்று இருக்கும். யானுஸுக்கு அது தன் சொந்தக் காலில் ஓடிய ஆட்டமாக அமைந்தது. அவன் மேல் வைத்த பிரியத்தால், அதை மூன்று தடவை விழுந்த ஆட்டமாக ஆக்கிவிட இருந்தேன்.