படி ஏறுவீங்களா என்று கேட்டால்

கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்பை ஒட்டி இட்லிக்கடை வைத்திருக்கும் புஷ்பலதாவுக்கு இரண்டு வேலை. காலையில் பாத்திரம் காலியாகும்வரை இட்லி. அதன் பிறகு, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைகிற யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு திருத்தணிக்குப் பஸ் ஏறுவது. இரண்டாவது வேலைக்குக் கூலி கிடையாது. கொடுக்க நினைத்து மடியைத் தடவியவர்களுக்கு அவள் வாயிலிருந்து நல்ல வசவு கிடைத்திருக்கிறது.

அவளுக்கே இளம்பிள்ளை வாதம் வந்த கால். முட்டியில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். அப்படி நடந்தே இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேருக்குச் சான்றிதழும் மாத உதவித்தொகையும் கிடைக்க வழி செய்துவிட்டாள். கேட்டால், தான் வெறுமனே கூடப் போனதாகச் சொல்வாள். பெருமை தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். தன் கடைச் சட்னியைப் பற்றி அவள் பேசிக் கேட்க வேண்டும்.

திருத்தணிப் பக்கத்து ஆட்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. சான்றிதழ் முகாமில் டாக்டர், கால் பழுதானவர்களிடம் படி ஏற முடிகிறதா என்று கேட்பார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான். தலைக்கு மேல் மலையும் மலைமேல் முருகனுமாக வளர்ந்த சனத்துக்கு அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டாது. டாக்டர் கேட்பது ஏதோ வீட்டுப் படியை, ஆஸ்பத்திரிப் படியைத்தான் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் படி ஏற மாட்டேன் என்று வாயால் சொன்னால் அது பலித்து, முருகன் படியும் ஏற முடியாமல் போய்விடுமோ என்று பயம். ஏறுவேங்க என்று சொல்லிவிட்டு, ஊனச் சதவீதம் குறைந்து, வெறுங்கையோடு திரும்புவார்கள். புஷ்பலதாவும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு வந்து, பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுதவள்தான். அன்றைக்கு அவளுக்குக் கூட வர ஆள் இல்லை.

திருவாலங்காட்டு கங்காதரன் இந்தக் கோளாறில் எல்லோரையும் மிஞ்சியவர். கரும்பு வெட்டும் கூலி. தலையில் கரும்புக் கட்டோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் விறுவிறுவென்று ஏறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மழை நாளில் பலகை வழுக்கி, இடுப்பு முறிந்து, வலது கால் குட்டையாகிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நாலு எட்டு வைப்பதே பாடு. அந்த மனுஷன் முதல் முகாமுக்கு முகம் மழித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஊன்றுகோலை வாசலிலேயே மனைவி ஜெயம்மாளிடம் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போயிருக்கிறார். படியைப் பற்றிக் கேட்டதற்கு ஏறுவேன் என்றதோடு விட்டாரா? போன ஆடியில் மலைக்கே படியேறிப் போய் வந்ததாகவும் சொல்லி வைத்தார். டாக்டர் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும்தானே எழுதுவார்? நாற்பது சதவீதத்துக்குக் கீழே எழுதினார். நாற்பது இல்லையென்றால் உதவித்தொகை இல்லை.

மறுபடி பரிசோதிக்கக் கேட்டு எழுதிப் போட்டார்கள். நாளும் கிடைத்தது. வீட்டில் சம்பாத்தியம் ஜெயம்மாள் ஒருத்தியுடையதுதான். மகள் சௌமியா ப்ளஸ் டூவில் நல்ல மார்க். இந்த முறையும் சான்றிதழ் கை நழுவினால் காலேஜை மறந்துவிட்டு, வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேனில் ஏறுவதென்று அவளே முடிவு செய்திருந்தாள். அந்த வேனை நினைத்துத்தான் ஜெயம்மாள் இட்லிக்கடைக்கு வந்து கண்ணீர் விட்டாள்.

மறுநாளே புஷ்பலதா அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தாள். கங்காதரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நொண்டி என்று காட்டிப் பிழைக்கத் தனக்குத் தெரியாது என்றார். நொண்டியிடமே அதைச் சொல்கிறாரே என்று புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சரி, மலைக்கு எப்படி ஏறினீர்கள் என்று கேட்டாள். ஜெயம்மாள் தலை குனிந்தாள். சௌமியாதான் அப்பாவைப் பார்த்தபடி சொன்னாள்.

"உக்காந்து உக்காந்து ஏறுச்சுக்கா நைனா. பின்பக்கமா கைய ஊனி, ஒவ்வொரு படியா. யாரும் பாத்துடக் கூடாதுன்னு, கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே எங்கள இட்டுகினு போச்சு."



"இத்தப் போயா மறைச்சீங்க?" என்றாள் புஷ்பலதா. "ஏற மாட்டேன்னு நீங்க சொல்லவே வேணாம்ணா. எப்படி ஏறுனீங்களோ, அப்படியே ஏறிக் காட்டுங்க. அது பொய்யும் இல்ல, பிச்சையும் இல்ல."



இரண்டாவது முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதே டாக்டரம்மா, அதே கேள்வி. கங்காதரன் திரும்பிப் புஷ்பலதாவைப் பார்த்தார். வாயாடி என்று ஊரே சொல்லும் அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"ஏறுவேன்மா," என்றார் அவர். "வெளிய வந்து பாருங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு வந்தார். வராந்தாவுக்குப் போகும் படிகளின் அடியில் கங்காதரன் ஊன்றுகோலை ஜெயம்மாளிடம் கொடுத்தார். முதல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேல் படியில் ஊன்றி உடம்பைத் தூக்கினார். குட்டைக் கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது. இன்னொரு படி. வெள்ளை வேட்டியெல்லாம் மண். காத்திருந்த கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் தூக்கிவிட ஓடி வந்தார். புஷ்பலதா குறுக்கே கையை நீட்டினாள்.

"தொடாதீங்க. அவரு ஏறிகினு கீறாரு."

மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு டாக்டரை நேராகப் பார்த்தார்.

"இப்படித்தாம்மா ஏறுவேன். மலையும் இப்படித்தான் ஏறுனேன்."

டாக்டர் அவரை உள்ளே அழைத்துப் போய், இடுப்பையும் காலையும் மறுபடி நிதானமாக அளந்தார். அந்த முறை சதவீதம் நாற்பதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. உதவித்தொகையும் சில மாதத்தில் வர ஆரம்பித்தது. கம்பெனி வேன் சௌமியா இல்லாமலே போய்க்கொண்டிருக்கிறது. அவள் திருத்தணி காலேஜுக்குப் பஸ்ஸில் போகிறாள்.

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கங்காதரன் மலை ஏறியது பட்டப்பகலில். காவடிக்கூட்டம் இரண்டு பக்கமும் அரோகரா போட்டுக்கொண்டு போக, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கொஞ்சம் கீழே முட்டியில் கையை ஊன்றிப் புஷ்பலதா. கடையை அன்றைக்குச் சாத்திவிட்டாள். அவர் பின்பக்கமாக ஏறியதால், மேலே பார்த்தபோதெல்லாம் அவர் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கவே அந்த வெயிலில் ஏறலாம் என்று இருந்தது அவளுக்கு.

பாதி மலையில் வெளியூர்க்காரர் ஒருவர் நின்று, இந்தப் பெரியவரோடு யாரும் வரவில்லையா, யார் இவர் என்று சுற்றும் முற்றும் பார்த்துக் கேட்டார்.

ஊன்றுகோலைத் தோளில் சாய்த்து நின்ற சௌமியா, அத்தனை அரோகராவுக்கும் மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க நைனா."