மாமியாருக்கு மாட்டிய மணி

என் வீட்டுக்காரர் டார்ச் ரிப்பேர்காரர். வாசல் அறைதான் கடை. டார்ச், ரிமோட், பொம்மைக் கார், எது செத்து வந்தாலும் உயிர் கொடுத்து அனுப்புவார். வேலை சுத்தம், ஆள்தான் அவசரக்குடுக்கை.

மாமியார் இடுப்பு எலும்பு உடைந்து பின்னறையில் படுத்தபோது, தானே ஒரு மணி செய்து மாட்டினார். கட்டிலோரம் பொத்தான், கடையில் மணி, நடுவில் இரண்டு செல் போட்ட பெட்டி. அத்தை யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். பொத்தானைக் கையில் வாங்கிக்கொண்டு, "கூப்பிட்டா வருவியா?" என்றார்.

"அடிச்ச உடனே வந்து நிப்பேம்மா" என்றார் இவர்.

கொஞ்ச நாளில் மணி முனக ஆரம்பித்தது. புதுச் செல் இரண்டை மீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டும் முழுசாக ஒன்றரை வோல்ட். அதற்குள் கடையில் யாரோ கூப்பிட, செல்லை மாட்டிவிட்டு ஓடினார். ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருக்கலாம் பாவி மனுஷன்.

சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். படுக்கை நனைந்திருந்தது. கட்டைவிரலில் பொத்தானின் தடம். பத்தடி தள்ளி இவர் பொம்மையைப் பாட வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பெட்டியைத் திறந்தார். டார்ச்சுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பக்கம் பார்த்துப் போகும். கைக்கு அந்தப் பழக்கம். இந்தப் பெட்டியிலோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒரு செல் தலைகீழாகப் படுக்க வேண்டும். இவர் இரண்டின் பிளஸ் முனையையும் ஒரே பக்கம் வைத்துவிட்டார். ஒன்று இந்தப் பக்கம் தள்ள, மற்றது அதே பலத்தோடு எதிர்ப்பக்கம் தள்ள, மின்சாரம் எந்தப் பக்கம்தான் ஓடும்? இருபுறமும் ஆள் தள்ளுகிற கதவு மாதிரி நின்றுவிட்டது.

செல்லோடு அம்மாவிடம் ஓடினார். "ரெண்டும் நல்ல செல்தாம்மா. எதிரும் புதிருமா போட்டுட்டேன். மணி அடிக்கவே இல்லம்மா."

"சரிப்பா" என்றார் அத்தை.

அதன்பின் தினமும் காலையில் இவரே அமுக்கிப் பார்ப்பார், கணீரென்று அடிக்கும். அத்தை தொடவே இல்லை. கடையில் ஆள் நிற்கும்போதே இவர் ஓடிப்போய், "ஏதாச்சும் வேணுமாம்மா?" என்பார். ஒன்றும் வேண்டாம் என்பார் அத்தை. நான் வரும்வரை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கிடப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரைக் கூப்பிட்டா என்ன அத்தை?" என்றேன்.

"வேலை இருக்கிறவனை எதுக்கும்மா கூப்பிட்டுக்கிட்டு? அன்னிக்கு வர முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம். செல்லு அது இதுன்னு என்கிட்டயே கதை சொல்லணுமா?"

இவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.