பெயின்ட் முதலா, வெல்டிங் முதலா?

வண்டிக்குப் பாடி கட்டும் தொழிலில் வேலை பழக ஐந்து வருஷம் போதும். எதை முதலில் செய்வது என்று பழகத்தான் ஆயுசு போதாது. பட்டறை வைத்து நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நெய்வேலிக்கு வெளியே, வடலூர் ரோட்டில் என் பட்டறை. மைன்ஸில் ஃபிட்டராக இருந்த அருளப்பன் சார், ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் ஒன்றை ஓட்டி வந்தார். உருண்டை மூக்கு, பின்னால் திறந்த தொட்டி. அவர் மனைவி ஸ்டெல்லாம்மாவுக்கு ஒரு விபத்துக்கப்புறம் வலது முழங்கால் மடங்காது. பஸ் ஏற முடியாமல் மூன்று வருஷமாகப் பிறந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்கே போகவில்லை. தொட்டிக்குக் கூரையும் சீட்டும் போட்டு, அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். "திடீர்னு கொண்டுபோய் நிறுத்தணும், மேஸ்திரி" என்றார்.

அப்பளம்

இன்ஜின், வெல்டிங், தகரம், வயரிங், கடைசியில் பெயின்ட் என்று நான் வரிசை சொன்னேன். அருளப்பன் சாருக்குப் பொறுக்கவில்லை. கேபினுக்காவது கலர் அடித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றார். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்ததால் நானும் இளகிவிட்டேன். ஆகாய நீலம் அடித்தோம். காய்வதற்குள் மைன்ஸ் பக்கமிருந்து காற்று திரும்பி, நிலக்கரித் தூள் வந்து அப்பிக்கொண்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தோம்.

மூன்றாம் நாள் வெல்டர் தண்டபாணி கூரைச் சட்டத்தைப் பற்றவைத்தபோது, கேபின் முதுகில் நீலமெல்லாம் அப்பளம் மாதிரி பொரிந்தது. நான் கத்தினேன். அவன் நெல்லிக்குப்பத்துக்காரன், நிதானமானவன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சொன்னான்: "நான் பாட்டுக்கு வேலை பாத்துக்கினு இருக்கேன்ணே. பெயின்ட்டு என்னைக் கேட்டுக்கினா வந்து ஒக்காந்துச்சி?"

பங்க்கில்

அடுத்தது முழுக்க என் தப்பு. பக்கத் தகரங்களை இடைவெளி தெரியாமல் அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட்டும் முடித்து, பெருமையாக வடலூர் வரை ஓட்டிப் போனேன். பெட்ரோல் போடலாம் என்று பங்க்கில் நிறுத்தினேன். பங்க்காரர் ஹோஸைப் பிடித்தபடி வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். டேங்கின் வாய் என் தகரத்துக்கு உள்ளே இருந்தது. திரும்பிப் போய் டேங்கைக் கழற்றி, தகரத்தை வெட்டிச் சின்னக் கதவு வைக்க மூன்று நாள் ஆயிற்று. பங்க்காரர் கேலி பண்ணவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏங்க, இது எதுல ஓடுது?"

லீவு போட்டவர்

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அருளப்பன் சார் லீவு போட்டுவிட்டு வந்து, பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். டீ வாங்கிக் கொடுத்ததும் மெதுவாகச் சொன்னார். இதற்கு முன் இரண்டு தடவை டாக்ஸி ஏற்பாடு பண்ணுவதாகச் சொல்லி, இரண்டு தடவையும் ஷிப்டில் மாட்டிக்கொண்டாராம். அதனால்தான் இந்த முறை வாயே திறக்கவில்லை. "அவ சண்டை போட்டாத் தேவலை, மேஸ்திரி. 'பரவாயில்லைங்க'ங்கறா. அதைத்தான் கேக்க முடியல."

மூன்று படி

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நானும் தண்டபாணியும் அருளப்பன் சாருமாக வண்டியை அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தினோம். பின்னால் மூன்று இரும்புப் படி, ஸ்டெல்லாம்மா ஏறுவதற்காகவே. ஸ்டெல்லாம்மா கம்பை ஊன்றி வந்து வண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். முதல் படி ஏறினார். இரண்டாவதற்குக் கால் வரவில்லை. மறுபடி முயன்றார், முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

அவர் கோபப்படவில்லை. "இந்த வண்டிக்குப் பின்னாடி கீழ மடங்குற பலகை இருந்திருக்குமே?" என்று கேட்டார். இருந்தது. அதை வெட்டித்தான் தண்டபாணி படியே செய்திருந்தான். அதில் உட்கார்ந்து அப்படியே பின்னால் நகர்ந்தால் காலை நீட்டிக்கொண்டே உள்ளே போய்விடலாம் என்று அவர் விளக்கியபோது, தண்டபாணி டேப்பை எடுத்துப் பலகைக்கு அளவு பார்க்க ஆரம்பித்திருந்தான்.

ஒன்றரை நாளில் புதுப் பலகை செய்தோம். பெயின்ட்டுக்கு நேரமில்லை. திருவிழாக் காலையில் அவர் அதில் உட்கார்ந்து, உள்ளே நகர்ந்து, கேபின் முதுகில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். அருளப்பன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார். ஸ்டெல்லாம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சொல்லியிருந்தா முதல் நாளே வந்து ஒரு தடவை உக்காந்து காட்டியிருப்பேனே, மேஸ்திரி."

அன்றிலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் முதலில் வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். பாதிப் பேர் திரும்பி வரவேயில்லை.