மலையின் அளவு தெரிய ஓர் ஆள்

என் கணவருக்கு மலை என்றால் உயிர். ஏறுவதைவிட, ஏறிப் படம் எடுப்பது. மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் இருக்கும் பக்கம் மருந்துக்குக்கூட மேடு கிடையாது. அதனால் ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு கிளம்புவார். கேமரா அவர் கழுத்தில், ட்ரைபாட் என் முதுகில்.

புரோகா மலையில் லாலாங் புல்மேல் முதல் வெயில் விழும் பத்து நிமிடத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறுவார். புக்கிட் தாபூரில் வெள்ளைப் பாறை முகடு, கீழே அணைக்கட்டுத் தண்ணீர். கோல குபு பாரு பக்கம் புக்கிட் கூத்து, உச்சிக்குப் போவதற்குள் அட்டை நம் ரத்தத்தில் பாதியைக் குடித்துவிடும். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை நான் நிற்கும் இடத்தில்தான். படத்தில் ஓர் ஆள் சின்னதாகத் தெரிந்தால்தான் மலை எவ்வளவு பெரியது என்று புரியுமாம். ஆகவே பாறை நுனிக்கு என்னை அனுப்பிவிட்டுத் தூரத்திலிருந்து கத்துவார், லெஃப்டுக்குப் போ, கையைத் தொங்கப் போடு, திரும்பாதே என்று. ஒருமுறை திரும்பிவிட்டேன். அந்தப் படத்தை என் கண் முன்னாலேயே அழித்தார். முகம் தெரிந்தால் மலையை யாரும் பார்க்க மாட்டார்களாம்.

மெல்பர்னில் படிக்கும் எங்கள் மகள், அறைச் சுவரில் ஒட்ட அம்மா மலையில் நிற்கிற படம் ஒன்று கேட்டாள். ஒன்பது வருடப் படங்களைத் தேடினேன். முதுகு, முதுகு, முதுகு. ஒரே ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று அவரிடம் மூன்று ஞாயிறு கேட்டேன். வெளிச்சம் போய்விடும், இறங்கும்போது எடுக்கலாம் என்பார். இறங்கும்போது பேட்டரி தீர்ந்திருக்கும்.

பிறகு அவருடைய ஹைக்கிங் குழு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. அவர் படங்கள் மட்டும் பன்னிரண்டு. நான் கறிபாப் பலகாரத் தட்டோடு அவர் பக்கத்தில் நின்றேன். வந்திருந்த பெண் ஒருத்தி தாபூர் படத்தைக் காட்டி, "யாரு அண்ணே அது?" என்று கேட்டாள்.

"அது சும்மாலா. மலை சைஸ் தெரியறதுக்கு ஒரு ஆள்."

குத்திக்காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, ரயில் ஏறி கிள்ளானுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் போன் செய்தார். கார் சாவி என் பையில் இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு அந்தக் காரை நானே ஓட்டிக்கொண்டு தனியாகப் புரோகா போனேன். உச்சியில் ஓர் இளம் தம்பதி, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்தப் பெண்ணிடம் என் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அடிவானம் கோணலாக இருந்தது. மலை தெரியவே இல்லை, படம் முழுக்க என் முகம். எனக்கு அவ்வளவு திருப்தி. அங்கேயே நின்று மகளுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "ஏன்மா இவ்ளோ கோவமா இருக்கீங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டு நின்றதாகத்தான் நினைத்திருந்தேன்.