ஒன்றேகால் மீற்றர் குறைவு

சென்ற வாரம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடையொன்றில் தோசைக்குக் காத்திருந்தபோது, சுவரோரம் ஓடிய கறுத்த உத்தரத்தை என் கை தானாகத் தட்டிப் பார்த்தது. வெற்றோசை. மரம் மாதிரிச் செய்த பூச்சு. "அப்பா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கினம்," என்றாள் மகள். இது பழைய தொழில் வியாதி என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். அளவு நாடாவின் ஒரு நுனி நான். மறு நுனி சந்திரன், பினாங்கிலிருந்து படிக்க வந்து எஞ்சினியராக இங்கேயே தங்கிவிட்டவர். லண்டன் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு பண்ணைவீட்டுக்கு எங்களை அனுப்பினார்கள். யாருக்காக என்று கேட்டதற்கு, "குடும்பத்துக்காக" என்று மட்டும் முதலாளி சொன்னார்.

மிஸஸ் மில்லர் கதவை மூன்று விரல் அகலம் திறந்தார். எண்பது வயதிருக்கும், கணவர் போனபின் தனியாக இருந்தார். என் அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

முன்பக்கத்துச் செங்கல், விசேஷத்துக்குப் போட்ட கோட்டு மாதிரி, பிற்காலத்தது. உள்ளேதான் உண்மையான வீடு: ஓக் தூண்கள், இரும்பாணி இல்லாமல் மரமுளை அடித்துப் பூட்டிய சட்டங்கள், நடுவே குச்சி பின்னி மண் பூசிய சுவர்கள். நட்டநடுவில் யானை போல ஒரு புகைபோக்கி. அதன் அடியில் இருந்த உத்தரத்தில் பூவிதழ் போல வட்டங்கள் கீறியிருந்தன. கெட்டது ஏதும் புகைபோக்கி வழியாக இறங்காமலிருக்க என்றார் சந்திரன். கட்டியவர்களும் சந்தேகக்காரர்கள்தான்.

அளந்து முடித்ததும் கணக்கு இடித்தது. வெளியளவிலிருந்து சுவர்களையும் புகைபோக்கியின் கனத்தையும் கழித்த பிறகும் உள்ளே ஒன்றேகால் மீற்றர் காணவில்லை. மிஸஸ் மில்லர் ஒரு அலுமாரிக் கதவை முதுகால் மறைத்தபடி நின்றார்.

"அண்ணை, மனிசி எதையோ ஒளிக்குது," என்றேன்.

"நமக்கெதுக்குலா? கேட்டுப் பாருங்க, காட்டலன்னா விட்டுருவோம்."

கேட்டேன். அவர் கதவைத் திறக்காமல், எங்களை அனுப்பியது கணவரின் தம்பி மகன்தானே என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கோப்பைப் புரட்டினேன், வாடிக்கையாளர் பெயரும் மில்லர். அதை மறைக்காமல் அவரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, நான் ஒளிக்கவில்லை என்பதாலோ என்னவோ, கதவைத் திறந்தார்.

பழைய படிக்கட்டைக் கழற்றிய இடம். உள்ளே ஒடுங்கிய கட்டில், தேநீர்க் கேத்தல், மடித்த கம்பளி. மேலறை ஒழுகுவதால் புகைபோக்கிச் சூட்டில் ஒட்டிப் படுக்கிறாராம். இதைக் கண்டால் அந்தத் தம்பி மகன் தன்னைத் தனியே வாழ ஏலாதவர் என்று எழுதி முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டை இடித்து நிலத்தை விற்பான் என்றார். குரல் உயரவில்லை.

போர்க்காலத்தில் ஊரில் ஒருநாள் ஆமிக்காரர் வந்து எங்கள் வீட்டு அறைகளை எண்ணினார்கள். வாசலில் அம்மா நின்ற விதம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த வீட்டுக்குள் நாங்கள் பிறகு போகவேயில்லை.

சந்திரன் ஒவ்வொரு தூணாகத் தட்டி, கத்தி நுனியால் குத்திப் பார்த்தார். "ஓக்கு கல்லு மாதிரி இருக்கு. கூரைய மட்டும் சரி பண்ணா போதும். அதையே எழுதுறேன்." நான் வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'அலுமாரி' என்று எழுதினேன். கட்டிலை வரையவில்லை. முதலாளிக்கு அறிக்கை பிடிக்கவில்லை. அந்தக் குடும்பம் வேறு எஞ்சினியரைத் தேடியது என்று கேள்விப்பட்டேன்.

நான்கு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். வீடு இருந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்தது போல வீடுகள். ஒருத்தருக்கும் மிஸஸ் மில்லரைத் தெரியவில்லை. அயலிலிருந்த முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போன் எடுத்து அவர் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். வீடு அளக்க வந்தவன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.