தீபாவளிக்கு நான், கிறிஸ்துமஸுக்கு நீ

தீபாவளியன்று காலையில் எங்கள் கடையில் பாதி விளக்குகள்தான் எரியும். ஆள் வராத நாளில் கரண்ட் எதற்கு வீண் என்று மேனேஜர் செய்த ஏற்பாடு. அரிசியும் பருப்பும் அடுக்கியிருக்கும் பின்வரிசைகள் மங்கிக் கிடக்க, பில் போடும் இடத்தில் மட்டும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் இஸ்திரி கலையாத நீலச் சீருடையில், என்னோடு பில் போடும் அக்கா நின்றிருப்பாள். வெளியே சரவெடி வெடிக்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு அதிரும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இருந்த நடுத்தர அளவு சூப்பர் மார்க்கெட் அது. நான் அங்கே சேர்ந்த பிறகு வந்த முதல் தீபாவளிக்குப் புதிய ஆள் என்பதால் லீவு கிடைக்கவில்லை. வடபழனியிலிருந்து எண்ணெய்க் குளியல்கூட இல்லாமல், அழுத முகத்தோடு வந்து சேர்ந்தேன். அக்காதான் டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பம். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள்தான் கடையில் நிற்பாள். யாருக்கு லீவு வேண்டுமோ அவர்களுடைய ஷிப்டை வாங்கிக்கொள்வாள். பதிலுக்கு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அவர்கள் அவளுக்காக நிற்பார்கள். "தீவாளிக்கு நான் நிக்கறேன், கிறிஸ்மஸுக்கு நீ நில்லு. கணக்கு சரியாப் பூடும்" என்று என்னிடமும் சொன்னாள். அடுத்த தீபாவளியிலிருந்து நான் வீட்டில் இருந்தேன். டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி அவள் இடத்தில் நின்று கேக் பெட்டிகளுக்கு பில் போட்டேன். இதை யாரும் எங்களுக்கு ஏற்பாடு செய்து தரவில்லை. நாங்களாகப் பேசிக்கொண்டதுதான்.

அந்த முதல் தீபாவளியன்று கடைக்கு வந்தவர்களை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரொட்டியும் பிளாஸ்டிக் வாளியும் வாங்க வந்த வெளியூர்க்காரர்கள், பெரும்பாலும் தெலுங்கோ வங்காளமோ பேசுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்தவர்கள். இரவு வேலை முடித்த மலையாள நர்சுகள். காபிப்பொடி தீர்ந்துபோய், பட்டுப்புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய ஒரு மாமி. "ஆத்துல எல்லாரும் வந்துருக்கா, நீங்க மட்டும் தெறக்கலேன்னா என் மானம் போயிருக்கும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெரியவர் ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். உதவிக்குப் போகப் பார்த்த என்னை அக்கா தடுத்தாள். "வுடு. அவருக்கு பிஸ்கட்டா வேணும்? இன்னிக்குப் பொழுது போவணும்" என்றாள்.

நான் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூட்டி, இனி தீபாவளிக்குக் கடை கிடையாது என்று அறிவித்தார். உழைக்கிறவர்களுக்கும் குடும்பம் உண்டு, வருடத்தில் ஒரு நாள் வியாபாரம் போனால் போகட்டும் என்றார். நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். அக்காவும் தட்டினாள். அந்த வருடம் எனக்குத் தலை தீபாவளி. வடபழனியில் அம்மா வீட்டில் நானும் என் கணவரும் விடியற்காலையில் குளித்து, புதுத்துணி உடுத்தி, கோயிலுக்குப் போய் வந்தோம். என் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாளே என்ற உறுத்தல் இல்லாத முதல் தீபாவளி அது. அந்த நாளின் சந்தோஷத்தில் ஒரு துளியைக்கூட இன்று என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் குழப்பமாகிவிடுகிறது.

டிசம்பர் வந்தது. அக்கா வழக்கம்போல் கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டாள். மேனேஜர் கோபப்படாமல்தான் விளக்கினார். கேக் விற்கிற வாரம், ஆள் பற்றாது, இனி யாரும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம், குழப்பம் வருகிறது, அதுதான் தீபாவளிக்கு எல்லோருக்கும் பொதுவாக லீவு விட்டாயிற்றே என்றார். தீபாவளி அவளுக்குப் பண்டிகை இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பொது என்ற சொல்லுக்கு எதிராக அவளால் என்ன சொல்ல முடியும்? திரும்பி வந்து பில் போடத் தொடங்கினாள்.

சாப்பாட்டு வேளையில் நான் அவளருகே போய் உட்கார்ந்தேன். மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன், என் வார லீவை உனக்குத் தரச் சொல்கிறேன், கிறிஸ்துமஸுக்கு உன் வேலையையும் சேர்த்து நான் பார்க்கிறேன் என்றேன். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முன்னாடி நம்ம மாத்திக்கினோம்மா. இப்போ நீ குடுக்கற, நான் வாங்கிக்கணும். ரெண்டும் ஒண்ணு இல்ல."

"ஏன்க்கா, நமக்குள்ள என்ன?"

"உனக்கு நான் இன்னா திருப்பிக் குடுப்பேன்? எங்கிட்ட இருந்த தீவாளிய அவுரு எல்லாருக்கும் குடுத்துட்டாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலை வரவில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அப்போது அவள் வீம்பு பிடிக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றும் பாதி நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

கிறிஸ்துமஸன்று காலை நானும் வேலையில் இருந்தேன். கடை நிறைய கூட்டம். முன்வாசலில் மேனேஜர் வைத்த பிளாஸ்டிக் மரத்தில் சின்ன விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. இரவுப் பூசைக்குப் போய்விட்டு சரியாகத் தூங்காமல் வந்திருந்தாள் அக்கா. பதினோரு மணி வாக்கில் அவள் வரிசையில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், மடிப்பு விரியாத புதுச் சட்டை, கையில் ஒரே ஒரு தீப்பெட்டி. அவளுடைய கணவர். கடலுக்குப் போகிறவர். மீன் வாடை வீசும், ஏசி கடைக்கு நான் எதற்கு என்று அதுவரை ஒருநாளும் உள்ளே கால் வைக்காதவர். முன்னால் தள்ளுவண்டி நிறையச் சாமான்களோடு இரண்டு குடும்பங்கள். அவர் அவசரப்படாமல் நின்றார். அவர் முறை வந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பை எடுத்தாந்தீங்களா சார்?"

"இல்ல மேடம்."

தீப்பெட்டியைக் கருவியில் காட்டி, பில்லைக் கிழித்துக் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றார். "சேம் டு யூ சார்" என்றாள். பின்னால் நின்ற அம்மாள் அவர்மீது இடித்துவிடாத குறையாகச் சாமான்களை எடுத்து வைத்தார். அந்த வண்டி முழுவதையும் பில் போட்டு முடித்த பிறகுதான், என்னை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு அக்கா பின்பக்கம் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடுத்த வருடம் கோடை வருமுன் அவள் வேலையை விட்டுவிட்டாள். காரணமாக மூட்டுவலியைச் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

இப்போது நான் தியாகராய நகரில் ஒரு வீட்டு உபயோகச் சாமான் கடையில் மேனேஜர். பண்டிகை நாட்களில் மூடியே வைக்கும் கடை. இப்போது பொறுப்பில் இருக்கிற, இந்தக் கடை முதலாளியின் மகன், வரும் பொங்கலுக்குத் திறக்கலாமா, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டிருக்கிறார். போனில் கேட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் வீட்டுக்கு வருகிற காலத்தில் நாம் மட்டும் ஏன் மூட வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் பண்டிகை நாளில் கடை திறப்பவர்களைத் திட்டி ஒரு நீண்ட செய்தி வந்தது. அதற்குக் கை கூப்பும் குறி போட்ட என் கணவரே இந்தத் தீபாவளி மத்தியானம் போனில் கொத்தமல்லி வரவழைத்தார். கொண்டுவந்தவர் தலையில் காலையில் வைத்த எண்ணெய் மினுங்கியது. கடையில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கு ஊருக்குப் போக வேண்டும். இன்னொருத்தி, வீட்டில் இருந்தால் மாமியார் வீட்டுக் கூட்டத்துக்கெல்லாம் நான்தான் சமைக்கணும் மேடம், கடையே மேல் என்கிறாள். ஒருவர் இரட்டைச் சம்பளம் உண்டா என்று மட்டும் கேட்டார். எல்லோர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். அக்கா அங்கே மீன் கடை போட்டிருக்கிறாள். முன்னைவிடக் கனத்துவிட்டாள், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "வாம்மா, இன்னா எளச்சிக்கினே போற" என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். பக்கத்தில் அவள் மருமகள் அரிவாள்மனையில் சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். திறப்பதா, மூடுவதா, நீ சொல்லு அக்கா என்றேன்.

"தொறந்தா இன்னா, மூடினா இன்னா? அன்னிக்குக் கட மூடறப்போ எங்கிட்ட ஒரு வார்த்த யாருனா கேட்டாங்களா? அதான் எனக்குக் கொற" என்றாள்.

ஒரு பதில் கிடைத்த மாதிரி எனக்கு மனம் லேசாயிற்று. கேட்டுச் செய்தால் போதும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுவாக்கில், கிறிஸ்துமஸுக்கு நீ கடை போடுவாயா என்றேன்.

"போடாம? அன்னிக்குதான் வஞ்சரம் நிக்காம போவும். பூச முடிச்சிக்கினு நேரா இங்கதான், நானும் இவளும்."

மருமகள் தலையை நிமிர்த்தவில்லை. "என்னியுந்தான் யாரும் கேக்கல" என்றாள்.

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு மீன்கள்மேல் தண்ணீரை அள்ளித் தெளித்தாள்.

"சரி, இந்த வருசம் நீ வூட்லயே இருந்துக்க" என்றாள் அக்கா. தெளித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்போ மீன யாரு வெட்டறது?"

அதை மருமகளிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாளா, என்னைத்தான் கேட்டாளா என்று தெரியவில்லை.